வேம்பு விட்டுப்போன பிள்ளை

குரும்பலூர் அஞ்சல்,
பெரம்பலூர் மாவட்டம்.
4.9.2003

செந்தில் அப்பாவுக்குக் கொளஞ்சியம்மாள் எழுதுவது. மஸ்கட்டில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை.

போன வாரம் பூத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். அங்கே அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. வேம்பு செத்துப்போய்விட்டாள். காலனியிலிருந்து நம் பருத்திக்காட்டுக்கு வேலைக்கு வருவாளே, அரியமுத்து பெண்சாதி, அவள்தான். வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. பிறகு உதிரம் நிற்கவில்லை. வேன் பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாளையம் தாண்டும்போது அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் வேன் போய்க்கொண்டுதான் இருந்தது.

உங்களுக்கு அவள் கூலிக்கு வருகிற ஆள். எனக்கு அப்படி இல்லை. செந்தில் வயிற்றில் இருந்தபோது காட்டிலேயே வலி கண்டு நான் வரப்பில் சாய்ந்தேன். ஆள் கூப்பிட ஓடாமல் என் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்தவள் அவள். நாலு பேர் இருந்தால் 'வாங்க, சொல்லுங்க' என்பாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் 'வாடி கொளஞ்சி' என்பாள். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட இனி ஆள் கிடையாது.

பங்காளி வீட்டில் யாராவது செத்தால் தீட்டு உண்டு, வேலைக்குப் போக வேண்டாம், நாலு பேர் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். சிநேகிதி செத்தால் ஒன்றும் இல்லை. காலனிக்குப் போய் வந்தவள் என்று அத்தை வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னார். மறுநாள் வெங்காயத்துக்குக் களை வெட்டப் போய்விட்டேன்.

வெங்காயமும் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியவில்லை. மழை இல்லை. கிணற்றில் சேறுதான் கிடக்கிறது. போர்க் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்ததில் மோட்டார் காயில் கருகிவிட்டது. தீவனம் இல்லாமல் கறவை மாட்டை விற்றுவிட்டோம். அத்தைக்கு வலது கண் சுத்தமாகத் தெரியவில்லை, முகாமில் காட்ட வேண்டும். செந்தில் சைக்கிளில் இருந்து விழுந்து கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறான். பயப்பட வேண்டாம், எலும்பு கூடிவிடும் என்கிறார்கள்.

இனி எழுதப் போவதுதான் முக்கியம். அரியமுத்து ஆலத்தியூரில் சிமெண்டு மூட்டை ஏற்றப் போகிறவர். வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிள்ளையை அவர் அக்காள் வரதராஜன்பேட்டைக்குத் தூக்கிப் போனாள். பசும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, பவுடர் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றாலே போய்ப் பிள்ளை சுருண்டுவிட்டது. "எங்கிட்ட இருந்து செத்தா எம்மேலதான் பழி வரும்" என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து காலனியில் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் போட்டுவிட்டாள். நான் பார்க்கப் போனேன். அழக்கூட அதற்குச் சத்தம் வரவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. நம் பிரவீணாவுக்கு ஒரு வயது ஆகவில்லை, எனக்குப் பால் இருக்கிறது. எடுத்து மாரில் போட்டுக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

இப்போது தினமும் போகிறேன். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தனியாக உலை வைத்துக்கொள்கிறார். நீங்கள் போனில் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பேச்சைத் தட்டமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
கொளஞ்சியம்மாள்


குரும்பலூர் அஞ்சல்,
16.10.2003

செந்தில் அப்பாவுக்கு வணக்கத்துடன் எழுதுகிறேன். செந்திலுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எழுதுகிறான், கை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. வெங்காயம் போய்விட்டது. காய்ந்த தாளைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டோம்.

நீங்கள் போனில் சொன்னதை மறக்கவில்லை. "ஊரு என்ன பேசும்? நான் வர்ற வரைக்கும் அம்மா சொல்றதக் கேளு" என்றீர்கள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுதும் நான் காலனிப் பக்கம் போகவில்லை. மாரில் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. மறுநாள் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை.

அன்று காலை, வேலையிலிருந்து வந்திருந்த அரியமுத்து பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். நம் வாசலுக்கு அவர் வந்து நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். படி ஏறவில்லை. வெயிலில் நின்றார். அத்தை கூடத்தில் இருந்தார். அரியமுத்து ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளைதான் அழுதது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து வாங்கினேன். அப்போது அத்தை சொன்னார், "ஒன் புள்ளைக்கே பத்தல. அந்தத் தெருப் புள்ளைக்கு இந்த வூட்டுப் பாலா?"

நான் எதிர்த்துப் பேசியது கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அன்று பேசினேன். "ஒங்க பேரன் பொறக்கறப்ப எந்தலை எந்தத் தெரு மடியில கெடந்துச்சு அத்தை?" என்று கேட்டேன். அதற்குமேல் எனக்கு நிற்கத் தெம்பில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். முந்தானையால் பிள்ளையை மூடவில்லை.

அத்தை எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். சாத்தவில்லை. இன்றுவரை பிள்ளையைத் தொடவும் இல்லை. பிரவீணாவுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி அவரே ஊட்டிவிடுகிறார். என்னோடு இன்னும் பேச்சு இல்லை. ஊரில் பேசுகிறார்கள். தண்ணீர் லாரி வரும்போது என் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். கடைசியாகப் பிடித்துக்கொள்கிறேன். சில நாள் எனக்கு வரும்போது தண்ணீர் தீர்ந்துவிடுகிறது.

பிள்ளை அன்றிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறது. அரியமுத்து சனிக்கிழமை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். உடம்பு தேறவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்று நர்சம்மாளும் உறுதியாகச் சொல்லவில்லை. பால் குடிக்கும்போது நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குகிறது. முகத்தில் வேம்புவின் சாடை கொஞ்சமும் இல்லை. இருந்தால் எனக்கு ஒருவேளை அழுகை வந்திருக்கும். இன்னும் வரவில்லை. வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். கோபம் இருக்கும். வந்து என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வழியெல்லாம் உங்களுக்குத் துணையாகக் குலதெய்வம் வரட்டும்.

தை மாதம் வரும்போது பிரவீணாவுக்குச் சட்டை எடுத்து வருவதாகச் சொன்னீர்கள். ஒரே துணியில் இரண்டாக எடுத்து வாருங்கள். ஒன்று சின்ன அளவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொளஞ்சியம்மாள்