அந்த ஆள், அந்தக் கப்பல்

இன்று காலை பழவேற்காட்டுக் கரையில் மீன்காரி ஒருத்தி மடவை மீனைக் கூறு பிரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கூறா, அந்தக் கூறா? சீக்கிரம் சொல்லுய்யா" என்றாள். ஒன்றும் வாங்காமல் படகுக்குத் திரும்பிவிட்டேன். நீ போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் "இந்த", "அந்த" என்று யாராவது அழுத்திச் சொன்னால் உன் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஒல்லாந்தர் கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியாப் பட்டணத்திலிருந்து வந்த சீனத் தச்சன் நீ. காய்ச்சலில் விழுந்த உன்னைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. பசியாவரம் தீவில் என் குடிசைக்குப் பக்கத்தில் தங்கினாய். ஒல்லாந்தர் கோட்டைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் என் படகின் ஓட்டைகளை எல்லாம் நீதான் அடைத்தாய். இருவருக்கும் ஒரே வயது, வாயும் ஒரே நீளம்.

சீனம் சொல்லிக்கொடு என்று கேட்டது நான்தான். ஒரு மீனை என் காலடியிலும் இன்னொன்றை எட்டத்திலும் போட்டாய். பக்கத்தில் இருப்பது "சிட்", தள்ளி இருப்பது "ஹிட்". அதோடு விட்டாயா? மீன் என்றால் நடுவே "பே" வரவேண்டும், கப்பல் என்றால் "சியா", ஆள் என்றால் "எ". "இந்த மீன்" என்று நேராகச் சொல்ல விடவே மாட்டாய்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லா? இன்னாய்யா உங்க ஊரு!" என்று சலித்துக்கொண்டேன்.

"உங்க ஊரு மட்டும் இன்னா? மீனு கூறு, வெத்தலை கவுளி, பூவு மொழம். நான் அழுதேனா?" என்றாய்.

பத்துப் பதினைந்து சொல் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீனம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று கரையெல்லாம் அளந்துவிட்டேன்.

மறு வருடம் உனக்கு மறுபடியும் காய்ச்சல். அப்போதுதான் பத்தாவியா போகும் கப்பல் ஒன்று வந்து நின்றது. குடிதண்ணீர் எடுக்க அதன் படகு கரைக்கு வந்தது. துடுப்பு வலித்தவர்களில் மூன்று பேர் சீனர்கள். கப்பல் தலைவனிடம் அவர்கள் எடுத்துச் சொன்னால் உன்னை ஏற்றிக்கொள்வார்கள். எழுந்திருக்க முடியாத நீ, என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய்.

"ஹிட் எ லாங். ஹிட் சியா சூன்." அந்த ஆள், அந்தக் கப்பல்.

"தீவைக் காட்டி மொத சொல்லு, கப்பலைக் காட்டி அடுத்தது. போதும். மீதிய அவங்களே கேப்பாங்க" என்றாய்.

கரையில் சுமைக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாய்யா துபாசி! உன் சீனத்தை எடுத்து வுடு, கேப்போம்" என்று சிரித்தார்கள். மூன்று சீனர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாக்குப் பிசகினால் கரையே என்னைக் கேலி செய்யும் என்று தோன்றியது. அவ்வளவுதான். தண்ணீர் நிரம்பும் வரை பீப்பாய்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். படகு போய்விட்டது.

"சொன்னியா?" என்று கேட்டாய்.

"சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

"எங்க ஆளுங்களா?"

தலையாட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு கப்பலைப் பற்றி நீ பேசவே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் உன்னைப் புதைத்தோம்.

வெட்கமாக இருக்கிறது. படகில் தனியாகப் போகும்போது அந்த இரண்டு வரியையும் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு ஒரு தடவைகூடப் பிசகுவதில்லை.

உன் ஆட்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.