அப்பாவிடம் கத்திப் பேசு

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் சுகம்தானே? போனிலேயே சொல்லலாம். ஆனால் உன் அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து.

அப்பாவுக்கு நெஞ்சு தேறிவிட்டது, நடக்கலாம், கார்கூட ஓட்டலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்குத்தான் நம்பிக்கை இல்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன், பயிற்சிக் காரைப் பார்த்தாலே கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். மாரடைப்பு வந்தது அதற்குள்தானே. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடுவதில்லை. உன் அத்தை வேறு வந்து, குளியலறையில் விழுந்து செத்தவர்கள் கதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று என் பல்லைப் பார்த்துச் சிரித்த வாய், அதில் வேறு என்ன வரும்?

ஆஸ்பத்திரியில் மனசுக்கென்று ஒரு பெண் இருக்கிறாள். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பேச்சுதான். "பேசினா நோய் போகும்னா எங்க நாத்தனா இருநூறு வருஷம் இருப்பாளே" என்று கேட்டேன். சிரித்தாள். ஆனால் கெட்டிக்காரி. முதலில் நிற்கிற காரில் சும்மா உட்காரச் சொன்னாள். படபடப்பு வந்தால் இறங்கி ஓடாமல், அது தானாக அடங்குகிறதா என்று பார்க்கச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். அடங்கியது.

போன வாரம் தெருமுனை வரை ஓட்டினார். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டே, பயத்தில் நான் அதை மிதித்துவிட்டேன். "காலை எடுடி! யாருக்கு நெஞ்சு வலி, உனக்கா எனக்கா?" என்று கத்தினார். எனக்கு உயிர் வந்தது.

அதைக் கெடுப்பது நீதான். அவரிடம் கத்தாமல் ஒரு வார்த்தை பேசியறியாதவன், இப்போது ஞாயிறுதோறும் "வலிக்குதாப்பா? ரெஸ்ட் எடுங்கப்பா" என்று குழைகிறாய். போனை வைத்ததும் அவர் சொல்வது இது: "இவ்ளோ பதமா பேசுறான்னா டாக்டர் அவன்கிட்ட ஏதோ சொல்லியிருக்காருடி. நான் தேற மாட்டேன்." மறுநாள் கார் பக்கமே போவதில்லை. வலிக்குதா என்று யாரும் கேட்கக் கூடாது, எல்லாரும் பழையபடி இருங்கள் என்று அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டாள்.

நீ ஏன் குழைகிறாய் என்று தெரியும். மாரடைப்பு வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் பயிற்சிப் பள்ளியை விற்கச் சொல்லிச் சண்டை போட்டாய். "அந்த ஓட்டைக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாய். ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை. ஆனால் அடைப்பு வருஷக்கணக்காகச் சேர்ந்ததாம். டாக்டர் படத்திலேயே காட்டினார். ஒரு சாயங்காலச் சண்டையில் வருவதில்லையாம். அந்தப் பேச்சுக்கு நான் உன்னை விடப்போவதில்லை, அது தனி. நேரில் வா, வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, காரை ஏன் இன்னும் சர்வீஸுக்கு விடவில்லை என்று கேள். சத்தமாகக் கேள். அவரும் கத்தட்டும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவும் பிள்ளையும் நெடுங்காலம் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் அம்மா