குடும்பப் பெயர்: ஒடுகத்தூர்

இன்று காலை உன் மகள் உன்னுடைய பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. பிரித்துப் பார்த்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் ‘ஒடுகத்தூர்’. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லையடி!

அந்தக் கூத்துக்கு நான்தானே காரணம். நம் ஷூ கம்பெனி உன்னைப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்புகிறது என்றதும், கேன்டீனில் உட்கார்ந்து இருவரும் ஃபாரத்தை நிரப்பினோம். ‘சர்நேம்’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இனிஷியலைத் தவிர நம் வீடுகளில் யாருக்கு என்ன இருந்தது? “எந்த ஊருன்னு கேக்கறாங்கடி, எழுது” என்று பெரிய மேதாவிபோல் சொன்னேன். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷமாகியும் உன் கை பிறந்த ஊரைத்தான் எழுதியது.

ஜெர்மனி போன மூன்றாம் நாளே போன் செய்தாய். “ஏய், இங்க எல்லாரும் என்னை மிசஸ் ஒடுகத்தூர்ன்றாங்க! அதுக்கு இன்னா அர்த்தம்னு ட்ரெய்னிங் குடுக்கற மேடம் கேக்குது. சீக்கிரம் விசாரிச்சு சொல்லு.”

அலைந்தேன். மலைக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பதால் அந்தப் பெயர் என்றார் பஸ் கண்டக்டர். “அதெல்லாம் இல்லம்மா, காட்ல இருந்த ஒரு மரத்து பேரு” என்றார் கட்டிங் பிரிவு பாய். எந்தப் படைக்கோ பயந்து ஜனங்கள் ஒடுங்கிய இடம் என்று அளந்தார் உன் அண்ணன். நீ ஒன்றையும் விடவில்லை. நாளுக்கு ஒன்றாக அந்த மேடத்திடம் சொல்லி, தீர்ந்துபோனதும் ஊரில் மயில்கள் வைத்த பெயர் என்று சொந்தமாக ஒன்றை அடித்துவிட்டாய்!

திரும்பி வந்ததும் பெயரைத் திருத்திவிடலாம் என்றேன். நீ வேண்டாமென்று தலையை ஆட்டினாய். “பொங்கலுக்குப் போனா, ‘உங்க ஊருக்கு எப்ப கெளம்பற’ன்னு அண்ணி கேக்குது. கட்டிக்குடுத்ததோட அந்த ஊரு போச்சு. பேர்லயாவது இருந்துட்டுப் போட்டும்.” அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது உன் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். மொபைலில் அதே ஃபாரம், அதே கட்டம். “சித்தி, அப்பா அவர் பேரைப் போடச் சொல்றாரு. எனக்கு அம்மாவோடதுதான் வேணும். அது நம்ம குடும்பப் பேருதானே?”

உண்மையைச் சொன்னால் அந்தப் பெயரை விட்டுவிடுவாள். உன்னோடு அது முடிந்துபோகும். மறைத்தால் உன் பெண்ணிடமே பொய் சொன்னவளாவேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது குடும்பப் பெயரே இல்லை, என் அவசரப் புத்தி என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அப்ப இந்தப் பேரை வெச்சுக்கிட்ட மொத ஆளே அம்மாதானா?”

“ஆமாண்டி.”

“ரெண்டாவது நான்” என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் அடித்து முடித்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

நானும் உன்னைப்போல ஆம்பூருக்குக் கட்டிக்கொண்டு வந்தவள்தானே. இருபது வருஷமாக யார் கேட்டாலும் என் ஊர் ஆம்பூர் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்கள், “உனக்கு எந்த ஊரும்மா?”

“விரிஞ்சிபுரம்” என்று நான் பிறந்த ஊரைச் சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.