தங்கப் பல்லில் சந்தனம்

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையிலிருந்தே வேக்காடு. துணி ஊற வைத்தாயிற்று. புரட்டாசி என்பதால் மீன் கிடையாது. பாண்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லையென்றால் யாரோ சொத்தை எழுதி வாங்கிவிட்ட மாதிரி.

மத்தியானம் ஆன்லைன் கேமில் மேட்ச். மறுபடியும் நின்றுவிட்டது. என் கம்ப்யூட்டர்தான். டீமில் என் வேலை வாசல் காப்பது. எதிராளி உள்ளே வந்தால் சுட வேண்டும். எல்லாருக்கும் ஆள் வருவது தெரிகிறது. எனக்குப் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. படம் நகரும்போது நான் செத்துக் கிடக்கிறேன். போன மாதம் கேமுக்குப் புது அப்டேட் வந்ததிலிருந்து இதே கதை. கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய மெஷின், அதுவும்தான் என்ன செய்யும்.

கேப்டன் ஹரிஷ் கோயம்புத்தூர்க்காரன். நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். மேட்ச் முடிந்து தனியாகக் கூப்பிட்டான். "தப்பா நெனைக்காதீங்க செல்விக்கா. ரெண்டாந்தேதி காலையில பிராக்டிஸ் மேட்ச் வெக்கறோம். அன்னைக்கும் இப்படி நின்னுச்சுன்னா தீபாவளிப் போட்டிக்கு அந்த சேலம் பையனத்தான் எடுக்கோணும்."

சரிப்பா என்றேன். வேறென்ன சொல்வது? அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நான் மோசமாக ஆடித் தோற்றால் பரவாயில்லை. ஆடவே விடாமல் தோற்கிறேன்.

அழுதேன். துணி அலசும்போது. யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

புழுக்கம். ஷிப்ட் முடிந்து கப்பலூர் கம்பெனியிலிருந்து வர பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். போனில் பழைய பாகங்களின் விலை பார்த்தபடியே வந்தேன்.

புது மெஷின் நமக்கு ஆகாது. ஓ.டி. பார்த்துச் சேர்த்த பத்தாயிரம் இருக்கிறது. அதற்குள் முடிய வேண்டும். முடிவு:

பிராசசர், போர்டு: பழசு, ஆனால் ஓடும். தொட வேண்டாம்.
ஹார்ட் டிஸ்க்: கிழம். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி., புதுசு, ஆன்லைனில்.
ராம் மெமரி: போதாது. அதே மாதிரி இன்னொன்று, செகண்ட் ஹேண்ட்.
கிராபிக்ஸ் கார்டு: படத்தை நகர்த்துவதே இதுதான். பெரிய செலவும் இதுதான். செகண்ட் ஹேண்ட். பவர் சப்ளை பழசு, அதனால் தனியாக கரண்ட் வயர் கேட்காத கார்டு.

எஸ்.எஸ்.டி. ஆர்டர் போட்டாச்சு.

பாண்டி எட்டிப் பார்த்தார். "அம்புட்டும் மாத்தப் போறியா? அப்புறம் பழசுல என்னதான் மிஞ்சும்?"

"உங்க வண்டில மட்டும் என்ன மிஞ்சியிருக்கு?" என்றேன்.

யோசித்தார். "ஹாரன்," என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில். பெரிய நாள். வரிசையாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே தூசி இல்லை, கம்பளி. பிராசசர் ஃபேன் பக்கத்தில் பல்லி முட்டை ஓடு ரெண்டு. இது மூச்சு விட்டதே பெரிய விஷயம். பிரஷ்ஷால் தட்டினால் தூசி இடம் மாறுகிறது, போகவில்லை.

பாண்டி சும்மா இருக்காமல், "நம்ம பஞ்சர் கடைல காத்தடிச்சா என்ன?" என்றார். முதலில் முறைத்தேன். பிறகு யோசித்தால், நல்ல யோசனை. கேபினட்டைப் போர்வையில் சுற்றி அவர் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியில் பின்னால் வைத்து, நானும் பின்னாலேயே ஏறி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் என்னையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பஞ்சர் கடை அண்ணன் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "டியூப் எங்கம்மா இருக்கு இதுல?"

"டியூப் இல்லண்ணே. தூசி மட்டும் போகணும்."

முதலில் ஹோஸைத் தரையில் பிடித்து, அதிலிருந்த தண்ணீர் போகும்வரை அடிக்கச் சொன்னேன். ஃபேன் சுற்றி உடையாமல் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டேன். அடித்தார். ஒரு மேகமே கிளம்பியது. அவர் இருமிக்கொண்டே, "இதுல என்ன வெள்ளாமை பண்ணுனீங்க?" என்றார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, முந்தாநாள் வந்த எஸ்.எஸ்.டி.யை மாட்டி, விண்டோஸ் போட்டு, ரீஸ்டார்ட். முன்பெல்லாம் பட்டனை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவியும் வைப்பேன். இன்று பாலை அடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள் திரை தயாராக நிற்கிறது. வேண்டுமென்றே மறுபடி ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தேன். மறுபடியும். பால் பொங்கிவிட்டது, பொங்கட்டும்.

ஆனால் கேமில் படம் இன்னும் நிற்கிறது. அது கார்டு வந்தால்தான் சரியாகும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் இடி, நல்ல மழை. ஷிப்ட் விட்டதும் நேராகக் கோரிப்பாளையம். சிக்னலில் முழங்கால் வரை தண்ணீர், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

தர்கா பக்கத்துச் சந்தில் ரஹீம் பாய் கடை. பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்பவர். நான் கேட்ட கார்டும் ராமும் இருந்தன. பார்க்காமல் எடுத்துக்கொண்டு வர நான் என்ன ஏமாளியா? கம்பெனியில் நாள் முழுக்க பிளாஸ்டிக் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஸ்குரூ தேய்ந்திருக்கிறதா, ஃபேன் ஆடுகிறதா, எங்காவது சாலிடர் வைத்த அடையாளம் இருக்கிறதா, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு அவர் மெஷினில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன்.

"தங்கச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரிப் பாக்குறீங்களே."

"பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜியாவது குடுப்பாங்க பாய்."

சிரித்துவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து டீயும் வடையும் வந்தன. கார்டு சூடானது, ஆனால் ஒரு தடவையும் திணறவில்லை.

"வாரண்டி?"

"கடை வாசல் வரைக்கும்."

"வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு மாசம் ஓட்டிப் பாக்கவா?"

அப்படியே பேசிப் பேசி ஒரு மாச வாரண்டி வாங்கினேன். விலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். பத்தாயிரத்துக்குள் முடிந்தது, ஆட்டோவுக்குக்கூட மிச்சம். மழைக்கு ஆட்டோ எவனும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

நனைந்து வந்தேன். பாகங்கள் நனையவில்லை, டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அசதி. மேசையில் வைத்துவிட்டேன், நாளைக்கு மாட்டலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வானம் தெளிவு.

காலையில் கம்பெனியில் பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, பூசணிக்காய் உடைத்தது. பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். மத்தியானமே விட்டுவிட்டார்கள். சந்தோஷமாக ஓடி வந்தேன், கார்டை மாட்ட.

வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை. சாமி படத்துக்கு முன்னால் பாண்டியின் ஸ்பேனர் செட், ஜாக்கி, வண்டிச் சாவி, என் அரிவாள்மனை, மிக்சி. நடுவில் வாழை இலையில் கிராபிக்ஸ் கார்டு. பக்கத்தில் ராம். ரெண்டுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்தி.

சந்தனம் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? போர்டில் சொருகுகிற, கரண்ட் பாய்கிற அந்தத் தங்கப் பல் வரிசையில். வரிசையாக. இடம் விடாமல்.

"ஏங்க!"

"மூஞ்சி எதுன்னு தெரியல செல்வி. திருப்பித் திருப்பிப் பாத்தேன். இதுதான் தங்கமாட்டம் பளபளன்னு இருந்துச்சு. சரி, இதுதான் மூஞ்சின்னு வச்சுட்டேன்."

அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. வண்டிக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டு என் கார்டுக்கு. இத்தனை நாள் கேம் என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷன்.

இப்போதே எடுத்துத் துடைக்கிறேன் என்றேன். பதறிவிட்டார். "பூசையில வச்சத இன்னைக்கு எடுக்கவே கூடாது. நான் வண்டிச் சாவியே தொட மாட்டேன்." உண்மைதான், பால் வாங்கக்கூட நடந்து போனார். எனக்கும் எடுக்க மனசு வரவில்லை. எல்லாவற்றிலும் குறை பார்க்கிற எனக்கு சாமி விஷயத்தில் மட்டும் பயம்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு மேட்ச். கார்டு இலையில் படுத்திருக்கிறது. சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது. நானும்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. விடிந்ததும் கற்பூரம் காட்டி, இலையை நகர்த்தி, எடுத்தேன். ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. பளிச்சென்று ஆனது. மாட்டினேன். பட்டன்.

பீப். பீப். பீப். திரை கறுப்பு.

கழற்றி மாட்டினேன். பீப். இடம் மாற்றி மாட்டினேன். பீப். பாய்தான் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்து போன் போட்டுக் கத்தினேன். பொறுமையாகக் கேட்டார். "தங்கச்சி, நீங்கதானே அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தீங்க?" என்றார். வைத்துவிட்டேன்.

ராமைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். கம்மென்று சந்தன வாசம்.

தங்கத்தின் மேல் மஞ்சள் படலம். எப்படித் தெரியும்? துணியில் போகாமல் அப்பிக்கொண்டிருக்கிறது. மேசை டிராயரைக் கவிழ்த்து அழிரப்பர் தேடி எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். ரப்பர் மஞ்சளானது. கார்டையும் அப்படியே. பாண்டி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

பட்டன். ஒரே ஒரு சின்ன பீப். திரை வந்தது!

பாய்க்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், நடந்ததையும் சொன்னேன். அரை நிமிஷம் சிரித்தார். "எங்க வீட்டுல பெருநாளைக்கு செல்போனுக்கு அத்தர் பூசி ஸ்பீக்கரே போச்சு, போங்க."

பத்தே முக்காலுக்கு கேம் திறந்தது. மேட்சில் சேலம் பையன் எதிர் டீமில். புது மெஷின் அவனுக்கு, நல்லா ஆடுகிறான், குறை சொல்ல முடியாது. சரிக்குச் சரியாகப் போய்க் கடைசி ரவுண்டு. எங்கள் பக்கம் நாலு பேரும் காலி, மிச்சம் நான் ஒருத்தி, வாசலில். எதிரில் மூன்று பேர். இடது பக்கம் காலடிச் சத்தம். திரும்பினேன்.

படமும் என்னோடு திரும்பியது. எத்தனை நாளாயிற்று! திரும்பினேன், ஆள் நின்றான், சுட்டேன். ஒன்று. பின்னால் இன்னொருத்தன், ரெண்டு. கடைசியாக வந்தது சேலம் பையன். புகைக்குள்ளிருந்து ஓடி வந்தான். காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும், கன்வேயர் முன்னால் நிற்கிறவள். புகையை விட்டு வெளியே வந்த நொடியில் மூன்று.

பாண்டி போட்ட சத்தத்தில் மேல்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மைக் வழியாக டீம் முழுக்கக் கேட்டுவிட்டது. "யாருங்க்கா அது?" என்றான் ஹரிஷ்.

"எங்க வீட்டுக்காரர். கார்டுக்குப் பூசை போட்டவரு."

முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்றான். சொல்லட்டும். என்ன சொன்னாலும் இன்றைக்கு ஆடியது நான்.

அக்டோபர் 3, வெள்ளி

மறுபடி வெயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெசேஜ். தீபாவளிப் போட்டிக்கு ஐந்து பேர். வாசல்: செல்விக்கா.

கையில் சாதம், கண்ணில் தண்ணீர். எதிரே லைன் இன்சார்ஜ் முருகேசன் சார். "என்னம்மா, மொளகாயக் கடிச்சுட்டியா?"

"செலக்ட் ஆயிட்டேன் சார்."

"அட, கவர்மெண்ட் வேலையா?"

இல்லை என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன், கூச்சமே படாமல். கம்ப்யூட்டர் கேம், டீம், துப்பாக்கி, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை போட்டி. பக்கத்து பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "கல்யாணமான புள்ளைக்கு வெளையாட்டப் பாரு," என்று ஒரு குரல். நான் திரும்பவில்லை.

"அந்த சனிக்கிழமை லீவு வேணும் சார்."

சார் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார். "காரணம் என்னன்னு போட? காய்ச்சலா?"

"மேட்ச்னே போடுங்க சார்."