கபோர்டுக்கு வைத்த பொட்டு

நவம்பர் 8, சனி

மன்னிக்கணும். ஒரு சமையலறைக் கபோர்டுக்காக டைரி திறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே சொல்ல வெட்கம், அதனால் இங்கே.

மேல்தட்டிலிருந்து மிளகாய்த்தூள் எடுக்க அம்மா பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து ஏறுகிறாள். போன மாதம் பக்கெட்டோடு விழுந்தாள். இனி ஏறக் கூடாது. அதற்குத்தான் ஆன்லைனில் இரண்டு கபோர்டு வாங்கினேன். நாமே மாட்டிக்கொள்ளும் வகை. இன்று வந்தது.

எதிர்வீட்டு வேம்புலி அண்ணன் ட்ரில் கொண்டுவந்தார். கபோர்டோடு வந்த தாளைப் புரட்டினார். "இன்னாம்மா இது, ஒரு எழுத்து கூட இல்ல. வெறும் பொம்மையா கீது?"

அப்பா தாளைப் பிடுங்கி என்னிடம் தந்தார். "டிகிரி முடிச்ச புள்ள கீது. அது படிச்சி சொல்லும்."

பொம்மை படிக்க எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? எனக்கு ட்ரில்லைப் பிடித்துப் பார்க்கத்தான் ஆசை. தாளைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு காலை

தாளில் ஒரு ஆள் கபோர்டு முன்னால் நிற்கிறான். அவன் உயரத்தைப் பார்த்து அளந்து, சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தேன். அங்கே ஓட்டை போட்டு இரும்புப் பட்டையை முடுக்கினால், கபோர்டு அதில் தொங்கும். ரொம்பச் சரியாக அளந்திருக்கிறேன்.

அதே நாள், மாலை

ஐயோ.

நாலரைக்கு ராகு காலம் என்று அப்பாவுக்கு அவசரம். அம்மாவுக்கோ பூஜை போடாமல் எதையும் தொடக் கூடாது. நான் ஸ்க்ரூ பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கபோர்டு, ட்ரில், சுவர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். சுவரில் இரண்டு பொட்டு. நிமிர்ந்து பார்க்கிறேன் — கண்ணாடி போடாத அப்பா குங்குமத்தில் ஓட்டை போடுகிறார்!

"அப்பா" என்று மூன்று தடவை சொன்னேன். ட்ரில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"நீ தான மார்க் பண்ண? சேப்பா பளிச்னு கீதே!"

"அது நான் வெச்ச பொட்டுய்யா!" — அம்மா.

"செவுத்துக்கு எவளாவது பொட்டு வெப்பாளா?"

போட்டது போட்டதுதான். வேம்புலி அண்ணன் கபோர்டைத் தூக்க, கம்பெனி பஸ் ஓட்டும் அப்பா, "வா... வா... லெப்ட்ல ஒடி... ஹோல்டான்!" என்று பஸ்ஸுக்கு வழி காட்டுவதுபோல் கத்த, மாட்டியாகிவிட்டது. நான் அளந்ததைவிட ஒன்றரை ஜாண் கீழே. ஒரு பக்கம் சாய்ந்து வேறு.

நான் ஏன் கத்தவில்லை?

நவம்பர் 10, திங்கள்

தண்ணீர் குடிக்கப் போன அப்பா கபோர்டில் முட்டிக்கொண்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

நவம்பர் 12, புதன்

குக்கர் விசிலும் முட்டுகிறது. அப்பாவுக்குத் துணை.

நவம்பர் 15, சனி

இன்றுதான் கவனித்தேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே கையை நீட்டினாள், மிளகாய்த்தூளை எடுத்தாள், மூடினாள். எதிலும் ஏறவில்லை.

அம்மா நாலே முக்கால் அடி. கை எட்டிய இடத்தில்தானே பொட்டு வைத்திருப்பாள்? நான் அளந்தது தாளில் நிற்கும் அந்த நெட்டையனுக்கு. அவனா வந்து இங்கே குழம்பு வைக்கப் போகிறான்?

பெயின்ட் பக்கெட்டில் துணி ஊறுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாவது கபோர்டு. அப்பா இந்த முறை கண்ணாடியோடு வந்தார், நெற்றியில் வீக்கத்தோடும். "இந்த தபா நீ எங்க சொல்றியோ அங்க தான்" என்று தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை.

வேம்புலி அண்ணன் ட்ரில்லை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கும் மேலே கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அம்மா, நீயே பொட்டு வை. அப்பா, அந்த ட்ரில்ல வாங்கி என் கையில குடு."