கூரையில்லாத வீட்டில் காய்ச்சிய பால்

ஸ்கொட்லாந்து
10.05.2009

அன்புள்ள ஈசுவரிக்கு,

என் இருமல் விட்டுவிட்டது. உன் முழங்கால் எப்படி?

இங்கே போன் எடுபடாது. இந்தக் கடல்முனையில் மனிதர் என்று நானும், பறவைகளைக் காக்கும் அதிகாரி ஒருவரும்தான். பறவை பார்க்க வந்துபோகிறவர்கள் தங்கும் விடுதியைக் கூட்டித் துடைப்பது என் வேலை. சுற்றிலும் புதர்வெளி. அதற்குள் கூரையில்லாத கல்வீடுகள் பதினொன்று. ஆடு வளர்க்கவென்று காணிக்காரர் குடியானவர்களை வீடுகளை விட்டு எழுப்பி விட்டாராம், நூற்றைம்பது வருடத்துக்கு முன். அடுப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நேற்று ஒன்றின் முன்னால் குந்தியிருந்து உன்னோடு கதைத்தேன். அதிகாரி கண்டுவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

விடுதியோடு ஒட்டி இரண்டு அறை தருகிறார்கள், வருடம் முழுக்க. வந்துவிடேன்.

உன்
புவனேந்திரன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
24.05.2009

இஞ்சாருங்கோ,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது.

மூன்று கிழமையில் வாறன் என்று பெப்ரவரியில் போனவர் நீங்கள். ஊர்ச் சண்டைச் செய்தி பார்க்க ஏலாது என்று வடக்கே ஓடினீர்கள். எல்லாம் முடிந்த அந்தக் கடைசிச் செய்தியை நான் தனியே இருந்துதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கோதை வந்து தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனாலும் அடுப்போடு கதைக்கிற மனிதரை எப்படி விடுவது? விம்பிள்டன் பிள்ளையார் கோயில் ஐயரிடம் புது வீட்டில் குடிபூர நல்ல நாள் கேட்டேன். வருகிற 5ந் திகதி, வெள்ளி, காலை ஒன்பதரை. முறையாகப் பால் காய்ச்சுங்கோ. பொங்கி வழிந்தால் எழுதுங்கோ. வாறன்.

ஜெகதீஸ்வரி

ஸ்கொட்லாந்து
09.06.2009

அன்புள்ள ஈசுவரிக்கு,

பால் பொங்கியது. நன்றாகவே வழிந்தது.

ஆனால் கேள். விடுதியில் இருப்பது கறண்ட் அடுப்பு. நெருப்பில்லாமல் குடிபூரலா என்று மனம் ஒப்பவில்லை. ஒரு கல்வீட்டு அடுப்பில் விறகு மூட்டினேன். தேவாரம் பாடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். சுவருக்கு வெளியே, புதருக்குள், தரையில் கூடு கட்டுகிற வகைப் பருந்து ஒன்று அடைகாத்தது எனக்குத் தெரியாது. புகைக்கு எழும்பிப் போனது திரும்பவில்லை. மூன்று முட்டையும் குளிர்ந்துவிட்டன. அதிகாரி, "உனக்கென்ன தெரியும், பாவம்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம்.

குடியிருப்பதை எழுப்புவது எவ்வளவு பாவம் என்று எங்களுக்குத் தெரியாதா? உன்னையும் எழுப்ப வேண்டாம். கோயில், கோதை, உன் தையல் மெஷின் எல்லாம் அங்கேதானே. நீ வராதே.

புவனேந்திரன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
15.06.2009

இஞ்சாருங்கோ,

அந்தப் பருந்தை நினைத்து நானும் அழுதேன். அர்ச்சனை செய்யப் போனால் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்கிறார். பருந்துக்கு நான் எங்கே போவது? உங்களுடையதையே சொன்னேன்.

பிறகு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அது பிழையில்லை. எழும்பிப் போனவர் நீங்கள்தானே. பெப்ரவரி தொடக்கம் இந்த வீட்டில் குளிர்ந்துபோய்க் கிடப்பவள் நான்.

மெஷினைக் கோதைக்குக் கொடுத்துவிட்டேன். 20ந் திகதி, சனிக்கிழமை, பின்னேர பஸ்ஸில் வருகிறேன். றோட்டு முடிகிற இடத்தில் நில்லுங்கோ. பாலைக் கறண்ட் அடுப்பிலேயே காய்ச்சுவோம்.

பதில் போட வேண்டாம். 'வராதே' என்பதை இன்னொரு முறை வாசிக்க எனக்கு ஏலாது.

உங்கள்
ஈசுவரி