கொழும்பில் ஓர் அறை

காரைநகர், தை மாதம், புதன்கிழமை

இந்த வயதில் தேன்நிலவு என்று சொல்லவே கூச்சம். ஆனால் கலியாணம் முடிந்த நாளிலிருந்து வசந்திக்குக் கொழும்பு பார்க்க ஆசை. வெள்ளவத்தையில், கடல் தெரியும் மலிவான அறையொன்றை இரண்டு இரவுக்குப் பேசி வைத்திருந்தேன்.

பின்னேரம் கொழும்பிலிருந்து அண்ணர் கூப்பிட்டார். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அறை எடுக்கிறியாம்? நாங்கள் என்ன செத்தே போனம்? ஹோலுக்குள்ளை மெத்தை போட்டுத் தாறன், வா."

சொந்தம் இருக்கும் ஊரில் அறை எடுத்தால் அது பகை. ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். தங்கச்சிமாரின் கலியாணம் முடியும்வரை பொறு என்று என்னை இருத்திவிட்டு, தான் மட்டும் முதலில் கட்டிக்கொண்ட மனிதர். அவர் வீட்டு ஹோலிலா நான் என் மனைவியோடு படுப்பது?

"நாங்கள் வரேல்லை அண்ணை. அவவுக்குப் பயணம் ஒத்துவராதாம்" என்று சொல்லி வைத்தேன்.

அடுப்பு வேலையை விட்டுவிட்டு வசந்தி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"அவரிட்டைப் போய் நிக்க ஏலாது, வசந்தி."

"அப்ப அறையிலை நிப்பம். கோவிச்சால் கோவிக்கட்டும்."

"நீர் அவரை அறியமாட்டீர்."

"ஓம். உங்களையும்தான்" என்றாள்.

அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இந்த முறையும் அண்ணருக்காக நான் ஆசைப்பட்டதைத்தான் விட்டேன்.

வசந்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரையில்லை என்று மூச்சில் தெரிகிறது. பயணப் பையிலிருந்த தன் சீலைகளை அலுமாரியில் திரும்ப அடுக்கிவிட்டாள். என் சட்டைகளை மட்டும் பையிலேயே விட்டிருக்கிறாள்.